என் கவசத்துக்கு இரும்பு இல்லை

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நான் திருச்சி பாலக்கரையில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவரும், அவரோடு தங்கியிருக்கும் நண்பர்கள் இருவரும், நானும் செல்போனில் பேசிக்கொண்டே ஒரு விளையாட்டு ஆடுவோம். ஆளில்லாத தீவில் மரம் வெட்டி, இரும்பு தோண்டி, மிருகங்களிடமிருந்து தப்பிப் பிழைக்க வேண்டும். கோடாரியும் கவசமும் தேயத் தேய இரும்பு போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

அந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. தேய்ந்ததை என் முன்னால் போட்டுவிட்டு, புதிதுபோல ஆனதும் எடுத்துக்கொண்டு மூவரும் வேட்டைக்கு ஓடுவார்கள். அவரோடு பேசத்தானே வந்தோம் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் நானும் அவர்கள் பின்னால் போனேன். ஓநாய் ஒரே அடியில் என்னைக் கொன்றுவிட்டது.

"அண்ணி, உங்க கவசம் தேஞ்சு கிடக்கே, சரிபண்ணலையா?" என்றார் ஒரு நண்பர். இருந்த இரும்பையெல்லாம் அவர்களுக்கே போட்டிருந்தேன்.

"உன்னை யாரு வெளிய வரச் சொன்னா? நீ வந்துட்டா ரிப்பேர் யாரு பண்றது?" என்று கணவர் கத்தினார். நண்பர்கள் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில்தான் இப்படி என்றால், விளையாட்டில்கூடவா? மறுபடி உயிர் வந்ததும், அவர்கள் புதிதாகக் கொண்டுவந்து கொட்டிய இரும்பு முழுவதையும் என் கவசத்துக்கே போட்டேன்.

"என்ன பண்ற? என் கோடாரி உடைஞ்சு கிடக்கு!"

"நீங்களே சரிபண்ணிக்கங்க. நான் வெளிய போறேன்."

கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் அவர் தன் கோடாரியைத் தானே சரிசெய்துகொண்டார். என் கோபம் இன்னும் ஆறவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதை நினைத்தால் என்மேலும் கோபம் வருகிறது.