ஐவி டெலமேர் பேசிய நாள்

குமுதினியை ஹீத்ரோ விமானநிலையத்தில் வாசனைத் திரவியம் விற்கிற இடத்தில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு மறந்தும் இருப்பீர்கள். அந்த வேலையே அப்படித்தான். முகத்தில் நிறைய மேக்கப் பூசி, கறுப்புச் சட்டை போட்டு, ஷிப்ட் முடியும்வரை சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்துக் கவுண்டரில் சொக்லேட் விற்கிற எனக்கு அந்தச் சிரிப்பின் உள்பக்கம் தெரியும். அவள் ஜேர்மனியில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, புருசன் சச்சிதானந்தனோடு லண்டனுக்கு வந்தவள். அங்கே ஜேர்மன் மொழி வராததால் வாய் திறக்கவில்லை. இங்கே, வாடிக்கையாளர் எரிச்சல்படக்கூடாது என்பதால் அதிகம் திறப்பதில்லை.

ஒருநாள் லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய சாமான் கடையில் அவளுக்கு ஒரு போஸ்ட்கார்ட் கிடைத்தது. நூறு வருடத்துக்கு முந்திய, ஏழாம் எட்வர்ட் அரசர் காலத்து நாடகக்காரி ஒருத்தியின் படம். குடையளவு தொப்பி, பிடித்தால் முறிந்துவிடும் போல இடுப்பு, கன்னத்தில் கையால் பூசிய ரோஸ் நிறம். பெயர் ஐவி டெலமேர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட அழகிகளின் படங்களை ஒரு பென்னிக்கு வாங்கி ஆல்பத்தில் ஒட்டுவதுதான் ஊர்முழுக்கப் பைத்தியம். பிரபுக்கள் பூங்கொத்தோடு மேடைக் கதவடியில் காத்து நிற்பார்களாம். சிலர் கலியாணமும் செய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு குமுதினி ஐவியைத் தேடத் தொடங்கினாள். கார்டுகள் நிறையக் கிடைத்தன. நாயோடு ஐவி, ஊஞ்சலில் ஐவி, கார் ஓட்டத் தெரியாமலே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஐவி. பழைய பத்திரிகைகள் அவளுடைய கழுத்தைப் புகழ்ந்தன, தோளைப் புகழ்ந்தன. ஆனால் எந்த நாடகத்திலும் அவளுக்கு ஒரு வசனம்கூடக் கொடுத்ததாகக் காணோம். கூட்டத்தில் அழகாக நிற்பதற்குத்தான் சம்பளம்.

"பெர்னடெற், இவளின்ரை குரல் எப்பிடி இருந்திருக்கும்?" என்று ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கேட்டவளின் குரலை அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கவனித்தேன். அடித்தொண்டையில் இருந்து வருகிற, அவசரமில்லாத குரல். இந்தக் குரலை வைத்துக்கொண்டா இவள் சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குக் கோபமே வந்தது.

நான்தான் அவளை யோகேஸ்வரன் அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வருடத்துக்கு ஒரு தமிழ் நாடகம் போடுகிறவர். பெரிய மனுசன், பேச்சில் தேன். குமுதினி சொல்லச் சொல்லக் கண்கலங்கிப் போய், "தங்கச்சி, இது நாடகம். நீர்தான் ஐவி," என்று வாக்குக் கொடுத்தார். வசனமில்லாத அழகி ஒருத்தி கடைசியில் வாய்திறந்து பேசுகிற கதை. எனக்கு வேலைக்காரி வேடம், இரண்டே வசனம்.

எங்கள் ஆட்கள் இங்கே நாடகம் போடும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் ஷிப்டில் வேலை செய்கிறவர்கள், ஒத்திகைக்கு ஒன்றாக வர ஏலாது. மண்டபங்களின் மைக்கும் நம்பத் தகுந்ததல்ல. ஆகவே வசனம் முழுவதையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். மேடையில் அது ஓடும், நடிகர்கள் வாயை அசைப்பார்கள். ஹவுன்ஸ்லோவில், ஒலிப்பதிவு செய்கிற றமணனின் வீட்டுக் கராஜில் நான் மூக்கடைத்த தடிமனோடு என் இரண்டு வசனத்தையும் பேசினேன். பிறகு குமுதினி பேசி முடித்தபோது, அவன் ஹெட்போனைக் கழற்றாமல் முதலிலிருந்து இன்னொருதடவை போட்டுக் கேட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குமுதினி சிரித்தாள். அது கவுண்டர்ச் சிரிப்பு இல்லை.

பிறகு மண்டபச் செலவுக்குப் பொறுப்பெடுக்க நகைக்கடைத் தர்மலிங்கம் வந்தார். அவரோடு அவர் மகள் லக்‌ஷிகாவும் வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த, உண்மையிலேயே வடிவான பெட்டை.

"கோவியாதையும் தங்கச்சி," என்றார் யோகேஸ்வரன் அண்ணை. "ஐவி எண்டால் இருபது வயசுப் பிள்ளை. சனம் முதல் முகத்தைத்தானே பாக்கும்."

"அப்ப நான் பேசினது?"

"அதை அழிச்சுப்போடுவம். பிள்ளை தானே புதுசாய்ப் பேசுவா."

குமுதினி சண்டை பிடிக்கவில்லை. நான் பிடித்தேன். என் வேலைக்காரி வேடத்தையும் அவர் முகத்தில் தூக்கியெறிந்தேன். இரண்டு வசனம்தானே, எறிவது சுலபம். அவளோ ஐவியின் கார்டுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருதடவையாவது ஒரு மண்டபம் நிறைந்த சனம் தன்னைக் கேட்க வேண்டும். அதைப் பறித்துவிட்டு யோகேஸ்வரன் அண்ணை நாடகத்துக்கு அழைப்பிதழ் வேறு அனுப்பினார்.

போவதில்லை என்றுதான் இருந்தாள். சச்சிதானந்தன் விடவில்லை. மரியாதையான மனிதர், யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். "போகாட்டில் எரிச்சல் எண்டு சனம் கதைக்கும். வாரும், நானும் வாறன்," என்றார். என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள்.

லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு மங்கள விளக்கேற்றுகிறவரே வந்திருக்கவில்லை. பிறகு உரைகள், பொன்னாடைகள், இன்னும் பொன்னாடைகள். ஒருவழியாகத் திரை விலகியது. லக்‌ஷிகா தொப்பியோடு கண்ணாடி முன் இருந்தாள். வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. வேலைக்காரி வேடத்தில் யாரோ ஒரு பிள்ளை பூங்கொத்தோடு உள்ளே வந்தது.

"அம்மா, உங்களுக்குப் பூ வந்திருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய குரல். கராஜில் தடிமனோடு பேசிய அதே குரல். சிரிப்புத்தான் முதலில் வந்தது. லக்‌ஷிகா திரும்பி வாயைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"பூவை அங்கே வை. இண்டைக்கும் எனக்கு வசனம் இல்லை."

குமுதினி பேசினாள். அதாவது மேடையில் பேசினாள். என் பக்கத்தில் இருந்த குமுதினி வாய் மூடியபடி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. பின்வரிசையில் ஒரு பெண், "என்ன வடிவாய்க் கதைக்குது பிள்ளை," என்றாள்.

குமுதினி சச்சிதானந்தன் பக்கம் திரும்பினாள். அவர் மேடையையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. குனிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன் திடுக்கிடவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்," என்றார், காதுக்குக் கேட்டதும் கேளாததுமாக. "பெட்டைக்குத் தமிழ் வாயிலை வரேல்லையாம். யோகேஸ் அண்ணை வந்து கேட்டவர். சண்டை எதுக்கு எண்டு நான் ஓம் எண்டிட்டன்."

"என்ரை குரல். என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் மாட்டன் எண்டிருப்பீர்."

யோகேஸ்வரன் அண்ணை செய்ததை நான் துரோகம் என்பேன். ஆனால் அவரிடம் அதை எதிர்பார்க்கலாம், மேடைப் பெரியமனுசன். ஒரே கட்டிலில் படுக்கிற மனிதன் இவளுடைய குரலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதைக் கேட்பதற்கு இவளையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டும் வந்ததற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரியவில்லை.

"எழும்பு, போவம்," என்றேன்.

"நான் பேசி முடியேல்லை," என்றாள் குமுதினி.

கடைசிக் காட்சி. ஐவி மேடை ஓரத்துக்கு வந்து சனத்தைப் பார்த்து நின்றாள். "இவ்வளவு நாளும் என்னைப் பாத்தீங்கள். வாங்கி, ஒட்டி, பெட்டிக்குள்ளை வைச்சீங்கள். என்ன சொல்ல நினைச்சனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. இருட்டில் குமுதினி அழுதாள், சத்தமில்லாமல். மேடையில் அவளுடைய குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை.

திரை விழுந்தது. யோகேஸ்வரன் அண்ணை மைக்கோடு வந்தார். "இஞ்சை பிறந்த பிள்ளையின்ரை தமிழைக் கேட்டியளோ?" மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. லக்‌ஷிகா கும்பிட்டாள், பாவம், அவளுக்கு முகம் சிவந்திருந்தது. எல்லாரும் எழும்ப சச்சிதானந்தனும் எழும்பினார். எல்லாரும் தட்ட அவரும் தட்டினார்.

குமுதினி எழும்பவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்கள் தட்டாதேங்கோ."

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குரல் காதில் விழுந்ததும் எங்களுக்கு முன்வரிசையில் தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர்கள் மேடையை ஒருதடவை பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.