சொட்டாத மேஸ்திரி இறங்கிய கிணறு

அவர் கட்டிய தொட்டி ஒழுகியதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அதனால் 'சொட்டாத மேஸ்திரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாமனார்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மாப்பிள்ளை டீ வாங்கித் தரும் அழகுக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பது அவர் கட்சி.

குப்பைமேடாகிக் கிடந்த பழைய படிக்கிணற்றைத் தூர்வாரி, பெண்களுக்கு நீச்சல் வகுப்பு நடத்த நகராட்சி முடிவெடுத்தது. சுவர் வேலை மேஸ்திரிக்கு வந்தது. சொல்லித்தரும் வேலை அவர் மனைவிக்கு. ஆற்றங்கரையில் பிறந்தவள் அவள்; கல்யாணத்துக்குப் பிறகு நீந்தியதெல்லாம் பாத்திரக் குவியலில்தான். தெருப் பெண்கள் மிதப்பதற்கென்று காலி எண்ணெய் கேன்களைக் கழுவிக் காயவைத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: இந்த மழைக்காலத்துக்குள் நீர் ஏறாவிட்டால் கிணற்றை மூடி வண்டி நிறுத்துமிடமாக்கிவிடுவார்கள்.

மேஸ்திரி அடியிலிருந்து மேல்வரை கல்லிடுக்கு ஒன்று விடாமல் சிமென்ட் பூசினார். ஊசி நுழையாது. மழையும் கொட்டித் தீர்த்தது. கிணற்றில் கணுக்கால் அளவுகூட ஏறவில்லை.

"கப்பல் விடலாம், காகிதக் கப்பல்," என்றாள் மனைவி. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

அந்த வாரம் கிணற்றை ஒட்டிய டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "மேஸ்திரி, கடைத் தரையெல்லாம் ஓதம். பெஞ்சுக் கால் ஊறிப்போச்சு. வந்து அடைச்சுக் குடுங்க."

மேஸ்திரி ஒரு தரைக்கல்லைப் பெயர்த்தார். அடியில் தண்ணீர் பளபளத்தது. அதைப் பார்த்தார், எதிரே கிணற்றுச் சுவரைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா, அடைக்கலையா?"

"ஏற்கெனவே அடைச்சுட்டேன்யா. அதான் வினையே."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "அந்த இடுக்கெல்லாம் தண்ணி வர்றதுக்கு விட்ட வழிம்மா. நான் போய்..."

"வாசலைப் பூசி அடைச்சுட்டு விருந்தாளி வரலையேன்னு உக்காந்திருந்தோமாக்கும்."

"வேற ஆள வச்சு உடைக்கச் சொல்லவா? நானே இறங்கினா ஊரு சிரிக்கும்."

"ஊரு நாலு நாள் சிரிக்கும். வாசல்ல கெடக்கிற கேனுங்க என்னைப் பாத்து வருஷம் பூரா சிரிக்கும்."

மறுநாள் காலை உளியும் சுத்தியுமாக அவரே இறங்கினார். படியெல்லாம் கூட்டம். "சொட்டாத மேஸ்திரி, சொட்டுதா?" என்று மேலிருந்து ஒரு குரல். அவர் தலை நிமிரவில்லை. தன் கையால் இழைத்ததைத் தன் கையாலேயே கொத்தினார். முதலில் தூசி பறந்தது, அப்புறம் ஈரம் தெரிந்தது. கீழ்வரிசையில் ஒரு இடுக்கு திறந்ததும், நூல் போலக் குளிர்ந்த நீர் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. பழக்கதோஷத்தில் அடைக்கப் போன உள்ளங்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஒழுகுதுடி!"

வாழ்நாளில் அந்தச் சொல்லை அவர் சந்தோஷமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் அதற்குள் கேனும் கையுமாகப் பாதிப் படி இறங்கியிருந்தாள். அவர் அடுத்த இடுக்கையும் கொத்தினார், அதற்கடுத்ததையும் கொத்தினார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

"போதும், மேல ஏறுங்க," என்றாள். "உங்களுக்கு நீச்சல் தெரியாது."