விமானத்தில் துண்டு போட்டவன்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கம்பத்தில், கேரளத் தோட்டங்களுக்கு ஜீப் புறப்படும் இடத்துக்கு எதிரே சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தொழிலுக்குப் பேச்சு தேவைப்படாது. வருகிறவர்கள் உடைந்த எல்போவையோ வால்வையோ கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். அதே மாதிரி புதியது ஒன்றை எடுத்து நான் அதன் பக்கத்தில் வைப்பேன். வேலை முடிந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, வாயையும் அதோடு நிறுத்திக்கொண்ட மனுஷனுக்கு இதைவிடத் தோதான தொழில் அமையாது என்று என் மனைவி சொல்வாள்.

அக்கா எனக்கு நேர் எதிர். எங்கள் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். பல வருடங்களாகவே அவளுக்குக் காது மந்தம். அதை அவள் தன் குறையாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசிப் பழகிவிட்டார்கள் என்பது அவள் எண்ணம். தன் பேச்சாவது தெளிவாக இருக்கட்டும் என்று உரக்கப் பேசுவாள். உத்தமபாளையம் பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துப் பேசுவாள்.

சென்னையில் இருக்கும் அவளுடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்காவும் நானும் ரயிலில் போய்ப் பார்த்தோம். வந்த சாக்கில் மகள் அவளைக் காது டாக்டரிடம் இழுத்துப்போய் ஒரு காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். வேர்க்கடலை அளவுதான் இருந்தது. வேலைக்குப் போகிற பெண், பிரசவத்துக்கு முன்பிருந்தே அதற்காகச் சேர்த்து வைத்தாளாம். மாட்டியதும் அக்கா என்னைப் பார்த்து ஏதாவது பேசச் சொன்னாள். எதைப் பேசுவது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"ஏலே, காது கேட்டாலும் நீ பேசுறது கேக்கலையேடா" என்றாள்.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அக்கா தொட்டில் பக்கம் குனிந்து, அது நிற்கும்வரை ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்ப மகள் விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டாள். மதுரையில் இறங்கினால் அங்கிருந்து கம்பத்துக்குக் காருக்கும் சொல்லிவைத்திருந்தாள். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானம். புறப்படும்போது வந்த இரைச்சல் மெஷின் வழியாக அக்காவின் தலைக்குள் இறங்கிவிட்டது. பிடுங்கி என் கையில் கொடுத்து, "வச்சுக்கடா, ஊருல போயி மாட்டிக்கிறேன்" என்றாள். அதற்கென்று கொடுத்த டப்பா பெரிய பெட்டியில் போய்விட்டது. சட்டைப் பையில் போட்டால் குனியும்போது விழுந்துவிடும். நான் தோளில் கிடந்த துண்டின் முனையில் வைத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். வீட்டுச் சாவியை நான் அப்படித்தான் கொண்டுபோவேன். ஒரு தடவைகூடத் தொலைத்ததில்லை.

பாதி வழியில் அக்கா பாத்ரூம் போக வேண்டும் என்றாள். சொன்னாள் என்பது போதாது, எல்லாருக்கும் அறிவித்தாள். துணைக்கு நானும் எழுந்தேன். எழுந்த கையோடு துண்டை எடுத்து எங்கள் இரண்டு சீட்டுக்கும் சேர்த்து விரித்துப் போட்டேன்.

இதை யோசித்துச் செய்யவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் உள்ளே பறக்கும். அதில் துண்டு எறிந்து வளர்ந்தவன் நான். இடத்தை விட்டு எழுந்தால் துண்டு போட வேண்டும். கைக்கு அது தெரியும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் துண்டையும் என்னையும் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. பணிப்பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் இடம் பத்திரமாக இருந்தது. அக்கா இடுப்பு வலிக்கிறது என்றாள். துண்டை மடித்து அவள் முதுகுக்கு அண்டை கொடுத்தேன். அதன் பிறகு எங்கிருந்தோ கீ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருந்தது. விமானம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

மதுரையில் இறங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். நான் ஒரு கையில் பையையும் ஒரு கையில் அக்காவையும் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். குடித்துவிட்டு வாயைத் துடைக்கக் கை தோளுக்குப் போனது. தோள் மட்டும்தான் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். என்னடா, வடை வேணுமா என்றாள். டீ மாஸ்டர், எங்கள் டிரைவர், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எல்லாரும் விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் வெறும் காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மகட்டச் சொல்லிராதடா. புள்ள பெத்தவ, மனசு விட்டுப் போவா."

அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். விமான நிலையத்தில் அக்காவைக் காரில் இருக்க வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய்க் கேட்டேன். நாங்கள் வந்த விமானம் அதற்குள் சென்னைக்குத் திரும்பிவிட்டதாம். கவுன்டரில் இருந்தவர் என்ன சார் விட்டுட்டீங்க என்றார். எனக்குப் பின்னால் கோட் போட்ட இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் துண்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை. காது மெஷின் என்றேன். எழுதிக்கொண்டார். எங்கே வைத்திருந்தீர்கள் என்றதற்கு, சீட்டில் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் முதலில் அக்காவுக்காக வருத்தப்பட்டாள். பிறகு துண்டு போட்ட இடத்துக்குத் திரும்ப வந்தாள்.

"ஏங்க, ஆகாசத்துல பறக்கும்போது நடுவுல எந்த ஸ்டாப்புல ஆளு ஏறும்னு துண்டு போட்டீக?"

அடுத்த நாள் காய்கறிக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து வால்வு வாங்க வந்தவர், உட்காரச் சொன்ன நாற்காலியில் தன் துண்டை விரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

விமானக் கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்தேன். கடைக்குள் குழாய்ச் சுருள்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசுவேன். எதிர்ப்பக்கம் இருக்கும் பெண் ஒவ்வொரு தடவையும், சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க என்பாள். காது மெஷின் எதுவும் வரவில்லை என்பாள். நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.

சாயங்காலம் ஆனால் மகளிடமிருந்து வீடியோவில் அழைப்பு வரும். குழந்தையைக் காட்டுவாள். அக்கா முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு போனைப் பார்த்துத் தலையாட்டுவாள். கேட்குதாம்மா என்று மகளின் வாய் அசையும்போது, "நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது" என்பாள். ஒருநாள் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அக்கா சிரித்தபடி, "பாரு, எம்புட்டு சமத்தா இருக்கு" என்றாள். மகள் போனைக் கிட்டே கொண்டுவந்து அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் போனை வாங்கி, இங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். இது இன்னும் சில நாள்தான் செல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் அக்கா கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எதிரே ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் ஓயவில்லை. அந்த நேரம் பார்த்து சென்னை அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்ணே அழைத்தாள். எங்கும் தேடியாகிவிட்டது, காது மெஷின் இல்லை, புகாரை முடித்துவிடுகிறோம் என்றாள். நான் ஏதோ சொன்னேன். கேட்கலையே சார் என்றாள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை காதில் இருந்தது.

"முடிக்காதீங்கம்மா!" என்று கத்தினேன். "துண்டும்மா! வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை! அதுலதான் முடிஞ்சு வச்சிருந்தேன்! முனையில முடிச்சு இருக்கும்!"

ஜீப்பில் ஏறிய பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் கேட்டாள்.

"சார், அந்தக் கத்துற துண்டு உங்களோடதா?"

விமானத்தைச் சுத்தம் செய்தவர்கள் சீட்டில் கிடந்த துண்டிலிருந்து கீ என்று சத்தம் வருவதைக் கேட்டுப் பயந்துவிட்டார்களாம். பாதுகாப்பு ஆட்களைக் கூப்பிட்டு, ஸ்கேன் மெஷினில் விட்டுப் பார்த்து, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டார்களாம். பயணியின் முடிச்சை அவர்கள் அவிழ்க்கக் கூடாதாம். காது மெஷினை மூடிவைத்தால் அது அப்படிக் கத்தும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அணைத்து வைக்க வேண்டும் என்று மகள் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். இரண்டு நாள் கத்திட்டு அதுவா அடங்கிருச்சு சார் என்றாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆள் கிடைத்துவிட்டார் என்று அவள் சொல்வதும், அங்கே நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது.

நான் போனை வைத்ததும் அக்கா எழுந்து வந்தாள்.

"ஏலே, இப்ப இங்கன பேசுனது நீயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"துண்டுன்னது காதுல விழுந்துச்சுடா" என்றாள்.

அடுத்த விமானத்தில் துண்டு மதுரைக்கு வந்தது. நான் பஸ்ஸில் போய் வாங்கினேன். கவுன்டரில் அதே ஆள். துண்டை மேஜைமேல் விரித்து முடிச்சை அவிழ்த்தேன். என் முடிச்சு, என் பல்லுக்குத்தான் இளகியது. உள்ளே மெஷின் அப்படியே இருந்தது. பாட்டரி மட்டும் தீர்ந்துபோயிருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். முதல் நாளே துண்டுன்னு சொல்லியிருக்கலாமே சார் என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

தேனியில் இறங்கிப் பாட்டரி வாங்கிக்கொண்டு கம்பம் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். மெஷினை மாட்டி முடிக்கவும் மகளிடமிருந்து அழைப்பு வரவும் சரியாக இருந்தது. அன்றைக்குக் குழந்தைக்கு அழுகையும் இல்லை, விக்கலும் இல்லை. பால் குடித்துவிட்டு ஏதோ ஊம் ஊம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையை இழுத்துவிடவில்லை. போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். மகளுக்குத் திரையில் மெஷின் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

போனில் அன்றைக்குக் கத்தியதிலிருந்து எனக்கு உரக்கப் பேசக் கொஞ்சம் வந்திருந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்குதாக்கா என்று கேட்டேன்.

அக்கா முகத்தைச் சுளித்து என் பக்கம் கையை நீட்டினாள்.

"ஏலே, சத்தம் போடாதடா. புள்ள பேசுது."

மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வயதில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.