தேக்கு மாதிரி, ஆனால் சிமெண்ட்

கான்கிரீட்டை மரம் மாதிரி, கருங்கல் மாதிரி எப்படி வேண்டுமானாலும் செய்து தருவது என் தொழில். அது கான்கிரீட்தான் என்று நம்பவைப்பது அதைவிடப் பெரிய தொழில். கரணை பிடிக்கும் கொத்தனார்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

கரையான் மருந்து

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு வீட்டு வாசலுக்குத் தேக்குப் பலகை மாதிரி தரை போட்டேன். ரேகை, கணு, ஆணித்தலை எல்லாம் கையாலேயே கீறி, சாயம் ஏற்றினேன். கடைசிப் பூச்சு பூசப் போனால், கரையான் மருந்து அடிக்கிறவர் தரை முழுக்கத் தெளித்துக்கொண்டிருக்கிறார். சாயம் திட்டுத் திட்டாகக் கலைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணா, இது சிமெண்ட்! கரையான் வராது!" என்று கத்தினேன். அவர் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எனக்கே தெரியலையே, கரையானுக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவின் உதவி

கோரமங்கலாவில் காபிக்கடை திறக்கவிருந்த காவ்யா, பூச்சே இல்லாத மாதிரி ஒரு சுவர் கேட்டார். பூசாத மாதிரி பூசுவது எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்து முடித்தேன்.

திறப்புக்கு முந்தின நாள் போனால் சுவர் பளிச்சென்று வெள்ளை! காவ்யா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பிரஷ்ஷோடு அவருடைய அப்பா. "பரவாகில்லப்பா, நீ பாதியில விட்டுட்டுப் போனதை நானே முடிச்சிட்டேன்" என்றார், கன்னடம் கலந்த தமிழில். விஷயம் புரிந்ததும் மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாயங்காலம்வரை என்னோடு சேர்ந்து வெள்ளையைச் சுரண்டினார். பழைய சுவர் வெளியே வந்ததும் தள்ளி நின்று பார்த்தார். "இப்பவும் சொல்றேன், வெள்ளைதான் நல்லா இருந்துச்சு."

மழை

ஆஸ்டின் டவுன் மேரி அக்கா வீட்டு முற்றத்தில் மகளின் கல்யாண விருந்து, நாலே நாளில். ஈரக் கான்கிரீட்டில் கல் அச்சைப் பதித்து எடுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. கொண்டுபோன தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது. அக்கா ஒரு சத்தம் போட்டார். மருதாணிக் கையோடு கல்யாணப் பெண், பக்கத்து வீட்டு பாயம்மா, எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஆளுக்கொரு குடையோடு ஓடிவந்து, சுற்றி நின்று தரைக்குப் பிடித்தார்கள். அவர்கள் நனைந்தார்கள், தரை பிழைத்தது.

ஒரு மூலையில் மட்டும் குடை சொட்டிய பள்ளங்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "அக்கா, இதை மட்டும் உடைச்சு மறுபடி போட்டுத் தர்றேன்" என்றேன். அக்கா விடவில்லை. "தொடாதே தம்பி, மிச்சமெல்லாம் நீ போட்டது, அந்த மூலை நாங்க போட்டது."

சிமெண்டை எப்படியும் நான் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், மனுஷர்கள்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.