கோமதி டீச்சரும் எங்கள் வீட்டு லேப்டாப்பும்

கோமதி டீச்சர் காலமான செய்தி முதலில் என் மனைவி செண்பகத்தின் கைப்பேசிக்குத்தான் வந்தது. நாங்கள் மூவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது, கோமதி டீச்சர் பௌதிகம், செண்பகம் தமிழ். ஸ்டாஃப் குரூப்பில் தகவல் வருவதற்கு வெகு முன்பே டீச்சரின் மகன் செண்பகத்தை அழைத்துச் சொல்லிவிட்டான். ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது நான் துக்கத்தோடுதான் இருந்தேன். ஆனாலும் ஏன் எனக்கு முதலில் சொல்லவில்லை என்ற எண்ணம் கிழக்கேகோட்டை தாண்டும்வரை கூடவே வந்தது.

அவர் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இதைப் படிக்கும் நம் பள்ளிக்காரர்கள் பலருக்கு அது தெரியும். இறந்தவரைப் பற்றி எழுதும்போது அதை மறைத்துவைத்துப் புகழ எனக்கு வராது.

பள்ளியில் நெட்வொர்க்கைப் புதுப்பித்த வருடம் நினைவிருக்கும். நம் லேப்டாப்புகளில் இருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அது உள்ளேயே விடவில்லை. மார்க் பதிவு கிடையாது, வகுப்பில் புரொஜெக்டர் கிடையாது. எல்லா லேப்டாப்பையும் துடைத்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். தனி ஆளாக முடியாதென்று நான்தான் கோமதி டீச்சரை உதவிக்கு அழைத்தேன். இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவை அவர் கையில் கொடுத்தவனும் நான்தான்.

என் முறை எளிது. மொத்தத்தையும் வெளியே ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுப்பேன், துடைப்பேன், ஏற்றுவேன், திரும்பப் போடுவேன். என்னிடம் வந்த யாருக்கும் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். கோமதி டீச்சரோ லேப்டாப்பின் சொந்தக்காரரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, "இது என்னது?" என்று கேட்பார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் துடைப்பதற்கான பொத்தானைத் தான் தொட மாட்டார். "அழிக்கறது உங்க கையா இருக்கட்டும், கேட்டேளா?" என்பார்.

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தால் ஒரு லேப்டாப் முடியும். அந்த நேரத்தில் நான் நாலைந்து முடித்துவிடுவேன். ஆனாலும் கூட்டம் அவரிடம்தான். என் மேஜை காலியாக இருக்கிறதே என்று பி.டி. சாரைக் கூப்பிட்டேன். அவர் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி மலையாளத்தில், "திரக்கில்லா சாரே, டீச்சர் ஃப்ரீ ஆகட்டே" என்றார். அவசரமில்லையாம்! அதற்கு முந்தின நாள்தான் மார்க் போட முடியவில்லை என்று என் உயிரை வாங்கினார். தோற்றுப்போன ஃபுட்பால் டீம்களின் படங்களையெல்லாம் டீச்சரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதுகூடப் போகட்டும். ஒரு நாள் பௌதிக லேப் வழியாகப் போனபோது டீச்சரின் மேஜையில் செண்பகத்தின் லேப்டாப் திறந்திருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர்காரன் ஒருத்தன் இருக்க, அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். பேசிக்கொண்டே சிரிக்கிறாள், கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள். திரையில் 'வேற' என்ற ஃபோல்டர். அந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

மறுநாள் டீச்சரிடம் நேரடியாகவே கேட்டேன். "எங்க வீட்டு லேப்டாப்ப நான் மாத்த மாட்டேனா டீச்சர்?"

"மாத்துவேள் சாரே. என்னைவிட நன்னா மாத்துவேள். ஆனா கேக்க மாட்டேளே."

"அடுத்தவங்க ஃபோல்டர எட்டிப் பாக்கது மரியாதையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "சொல்ல இஷ்டம் இருந்தா சொல்லுவா. இல்லேன்னா அடுத்த ஃபோல்டர். அவ்வளவுதான் விஷயம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் மற்ற எல்லோருக்கும் பிடித்திருந்தது.

இப்போது மறுபடியும் நெட்வொர்க் மாறுகிறது, மறுபடியும் புதிய பதிப்பு. இந்த முறை நான் ஒருவன்தான். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வந்தவர்களை உட்காரவைத்து, ஃபோல்டரைத் திறந்து, "இது என்னது?" என்று கேட்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பி.டி. சார் விடைபெறும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசியாகச் செண்பகம் வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. நான் 'வேற' ஃபோல்டரின் மேல் அம்புக்குறியை வைத்து, திறக்காமல் கேட்டேன். "இதுல என்ன இருக்கு செண்பகம்?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அதத்தான் டீச்சர்ட்டச் சொல்லியாச்சுல்லா. இன்னொருக்கச் சொல்ல எனக்குத் தெம்பில்ல." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "நீங்க காப்பி பண்ணிட்டு மாத்துங்க. நீங்க செஞ்சா ஒண்ணும் தொலையாது" என்றாள்.

காப்பி எடுத்தேன். எதுவும் தொலையவில்லை.

கோமதி டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவர் கேட்ட கேள்வி. அதை இனி எல்லோரிடமும் கேட்பேன். செண்பகத்தின் பதிலை அவர் கொண்டுபோய்விட்டார்.