பளபளத்துப் போன ரூபாய்

ஒரகடம் கம்பெனியில் பஃபிங் சக்கரத்தில் இரும்பைப் பளபளக்க வைப்பது என் வேலை. என் மண்டையும் பளபளப்புதான். பழைய நாணயங்களைத் தரம் பார்த்துச் சேர்ப்பவன் என்ற திமிரும் உண்டு.

மறைந்த மாமனார் என் மனைவிக்குக் கொடுத்த வெள்ளி ரூபாய் கறுத்திருந்தது. அவளிடம் சொல்லாமல் எடுத்துப்போய், மதிய இடைவேளையில் சக்கரத்தில் பிடித்தேன். கண்ணாடிபோல் மின்னியது.

மதிப்புக் கேட்கக் கொண்டுபோனபோது நாணயக் கடைக்காரர் லென்ஸில் பார்த்தார். "இன்னா சார், தேச்சிக்கினு வந்துகீறீங்க? எழுத்தே மழுங்கிப்போச்சு. இனிமே வெறும் வெள்ளி வெலதான்."

வீட்டில் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். "அந்தக் கறுப்பு எங்கப்பா இடுப்புலயே வெச்சிருந்து வந்ததுய்யா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எந்த நாணயத்தையும் துடைப்பதில்லை, விளிம்பைத்தான் பிடிக்கிறேன். அந்த ரூபாயை மட்டும் தினமும் என் இடுப்பில் செருகிக்கொள்கிறேன். இன்னும் கறுக்கவில்லை.