ஷாமினி எங்கே வேலை செய்கிறாள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பசியாறலுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டை யாரோ பிடித்து ஆட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டு ஷாமினி. தலை வாரவில்லை. காலில் செருப்பு இல்லை.

“ஆன்டி, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். கார் எடுக்கிறீங்களா?”

கத்தவில்லை. அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை நடுங்க வைத்தது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஷாமினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எங்கள் குடியிருப்புத் தாமானில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். காரணம் அவள் இல்லை, அவளுடைய அப்பா. மணியம் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள். “எம் பொண்ணு கேஎல்ல பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸு” – இதை மணியம் சொல்லாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. சமையல் கேஸ் தோம்பு கொண்டுவரும் சீனருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். அவளும் தினமும் காலையில் வெள்ளை யூனிஃபார்மில், கொண்டையை வலைக்குள் அடக்கி, கோலாலம்பூருக்கு ரயில் பிடிக்கப் போவாள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

அன்றைக்கு அவளுக்கு லீவு. அம்மா கேரி தீவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்.

மணியம் சோபாவில் சாய்ந்திருந்தார். பனியன் முழுக்க வியர்வை. முகம் சாம்பல் பூத்த மாதிரி... அந்த நிறத்தை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடித்து காரின் பின்சீட்டில் உட்கார வைத்தோம். ஷாமினி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்தான். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைவிட இதுவே வேகம் என்று நினைத்தேன். வண்டி நகர்ந்ததும் மணியம் வாயைத் திறந்தார்.

“இங்க வேணாங்கா. ஷாமி ஆஸ்பத்திரிக்கே போயிடுவோம். ஸ்டாஃபோட அப்பான்னா ஒடனே பாப்பாங்க லா.”

பேசும்போதே மூச்சு வாங்கியது. கேஎல் என்றால் சாலை காலியாக இருந்தாலும் முக்கால் மணி நேரம். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் நர்ஸ் பின்னால் இருக்கும்போது நான் யார் சொல்வதற்கு? நீ சொல்லும்மா, எங்கே போகட்டும் என்று கேட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஜன்னலை வெறித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் துளி ரத்தம் இல்லை. நாடி இறங்குகிறதோ... அதைத்தான் சொல்லாமல் மறைக்கிறாளோ?

பெரிய சிக்னலில் சிவப்பு. இடது பக்கம் திரும்பினால் அரசாங்க ஆஸ்பத்திரி. நேராகப் போனால் கேஎல் நெடுஞ்சாலை. ஷாமினி, சீக்கிரம் சொல்லு என்றேன்.

“லெஃப்ட் போங்க ஆன்டி.”

“நேரா போங்கக்கா,” என்றார் மணியம். “இவளுக்கென்ன... அங்கதான அவ வேல செய்றா.”

“அப்பா, நான் அங்க வேல செய்யல.”

சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டது. பின்னால் ஹாரன்.

“எனக்கு எங்கயுமே வேல கெடைக்கலப்பா. நான் பொய் சொன்னேன். லெஃப்ட் எடுங்க ஆன்டி, ப்ளீஸ்.”

எடுத்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மணியம் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கண் திறந்துதான் இருந்தது. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவு வாசலில் தள்ளுநாற்காலியோடு வந்த ஊழியரிடம் ஷாமினி மளமளவென்று மலாயில் சொன்னாள் – வலி எப்போது ஆரம்பித்தது, எந்தக் கை மரத்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். அவர் எழுதிக்கொண்டே, நீங்கள் ஸ்டாஃப் நர்ஸா என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். படித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கதவு மூடிக்கொண்டது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னாள். படிப்பு முடிந்து, தாதியர் வாரியத் தேர்வும் பாஸாகி, கிள்ளான், காஜாங், கேஎல் என்று நேர்முகத் தேர்வுக்கு அலைந்திருக்கிறாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. இரண்டு வருட அனுபவம் இருக்கிறதா? புதிதாகப் படித்து வந்த பிள்ளைக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிலோ போட்டு விற்கிறார்களா? நர்ஸ் போதவில்லை, போதவில்லை என்று ஒரு பக்கம் பேப்பரில் படிக்கிறோம். இன்னொரு பக்கம், கூடப் படித்தவள் ஒருத்தி இன்சூரன்ஸ் விற்கிறாளாம். இன்னொருத்தி சாலாக் செலாத்தானில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்து, சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

கேஎல் ஆஸ்பத்திரியில் மட்டும் நேர்முகம் நன்றாக நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, கிடைத்துவிடும் போல இருக்கிறது அப்பா என்றாளாம். மணியத்தின் காதில் அந்தப் ‘போல’ மட்டும் விழவில்லை. அன்று மாலையே தாமான் முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். நானே இரண்டு சாப்பிட்டேன்.

அப்புறம் வந்தது ஈமெயில். அனுபவமுள்ள வேறொருவரை எடுத்துக்கொண்டோம், மன்னிக்கவும்.

அதன் பிறகு தினமும் யூனிஃபார்மில் கிளம்பி, கேஎல் ரயில் நிலையத்துக் கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு பேரங்காடியில் கைப்பேசி உறை விற்கும் கடையில் நின்றிருக்கிறாள். தமிழ்க் குரல் கேட்டாலே கவுண்டருக்குக் கீழே குனிந்துகொள்வாளாம். ஒவ்வொரு தடவையும் அப்பா, உன் வார்டைப் பார்க்க ஒருநாள் வருகிறேன் என்று சொல்லும்போது பேச்சை மாற்றிவிடுவாளாம். அவர் இருமினாலே, உன் ஆஸ்பத்திரிக்கே போவோம் என்பாரோ என்று பயமாம்.

“அதைவிட இன்னிக்குத்தான் ஆன்டி ரொம்ப பயந்துட்டேன்,” என்றாள். “கார்ல அப்பா கையப் பிடிச்சேன்ல... மொதல்ல பல்ஸே கெடைக்கல. அப்பா போயிட்டாருன்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, நடுங்குறது என் வெரலு. படிச்சதெல்லாம் மறந்துபோச்சோன்னு இருக்கு.”

அவள் தோளில் கை வைத்தேன்.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். இள வயது, தூங்காத கண். மாரடைப்புதான், ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றியிருக்கிறோம், நேரத்தோடு கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார். ‘நேரத்தோடு’ என்றதும் ஷாமினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து முதல் தடவையாக.

மணியம் பிழைத்துக்கொண்டார். ஆனால் மகளோடு பேசவில்லை. அவள் கஞ்சியை ஊட்டினால் வாயைத் திறப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அந்தப் பெண் இரண்டு நாளில் பாதியாகிவிட்டாள். இந்தக் கோபத்திலேயே அவருக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று அவள் அம்மாவுக்குப் பயம். எனக்கு வேறு மாதிரி பயம் – இந்தப் பெண் ஏதாவது செய்துகொள்வாளோ?

மூன்றாம் நாள் நான் தனியாகப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை செய்தது தப்புதான், ஆனால் அந்தச் சிக்னலில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீ எங்கே இருந்திருப்பாய் என்று கேட்டேன். மணியம் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“கோவம் இல்லக்கா. எத்தன மாசமா தெனம் பயந்து பயந்து போயிட்டு வந்திருக்கா... எங்கிட்ட சொல்ல அவ்ளோ பயமா? நான் என்ன புலியா?”

நீ லட்டு கொடுத்த வேகத்துக்குப் புலியே தேவலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நோயாளி ஆயிற்றே.

அன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாராம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வார்டில் ஒரு வேடிக்கை. ரத்த அழுத்தம் பார்க்க வருகிற ஒவ்வொரு நர்ஸிடமும் மணியம் ஒரே கேள்வி – உங்களுக்கு முதல் வேலை எங்கே கிடைத்தது? ஷாமினிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவர் விடுவதாக இல்லை. அப்படிக் கேட்டதில் ஒரு மலாய் நர்ஸ் கட்டிலருகே நின்று பேசினார். தானும் ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்ததாகவும், சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துக்கே போகாமல் ஒளிந்துகொண்டதாகவும் சொன்னார். காஜாங்கில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் புதியவர்களை எடுத்துப் பழக்குகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஷாமினி போய்ப் பார்த்தாள். அங்கேயும் கேட்டார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறாய் என்று. கைப்பேசி உறை விற்கிறேன் என்றாளாம். நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வா, ஆறு மாதம் பார்க்கிறோம் என்றார்கள்.

மணியம் வீடு திரும்பிவிட்டார். லோரி ஓட்ட இன்னும் அனுமதி இல்லை. வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம், நான் சொன்னது அவ்வளவும் பொய், இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது, அதுவும் நிரந்தரம் இல்லை என்கிறார். பெருமையாகச் சொன்ன அதே குரல்தான்!

இன்னும் அந்தச் சிக்னலைக் கடக்கும்போது பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன். வேறொரு வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்குமா? உங்கள் வீட்டுப் பிள்ளை? நம்மிடம் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்ல எத்தனை பிள்ளைகள் பயப்படுகிறார்களோ... உயிரே போகிற நேரத்திலும்.

போன திங்கட்கிழமை விடியற்காலையில் ஷாமினி என் கேட்டருகே வந்து நின்றாள். புது யூனிஃபார்ம். முதல் நாள். ஊசி குத்துகிற நேரத்தில் கை நடுங்கினால் என்ன செய்வேன் ஆன்டி, பழைய பயமே தேவலாம் போல இருக்கிறது என்றாள்.

இந்தப் பயத்துக்குச் சம்பளம் உண்டும்மா, தைரியமாகப் போய்ப் பயப்படு என்று சொல்லி அனுப்பினேன்.